கீழாநெல்லி ஆய்வுகள்: சான்றும் விடுபடலும்

கீழாநெல்லி காமாலையைத் தீர்ப்பது அறிவியலால் மெய்ப்பிக்கப்பட்டது என எழுதுவோர் பலர் இரண்டு ஆய்வுகளோடு நின்றுவிடுகின்றனர். 1987ஆம் ஆண்டு ஆய்வில் செடியின் நீர்ச்சாறு கல்லீரல் அழற்சி பி நச்சுயிரியின் நொதியொன்றைச் சோதனைக்குழாயில் தடுத்தது. சென்னையில் நிகழ்ந்து 1988இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வில், பொடி உண்ட 37 பேருள் 22 பேரின் குருதியில் அந்நச்சுயிரியின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேருள் ஒருவருக்கே மறைந்தது. இவர்கள் நச்சுயிரியைச் சுமந்தோர்; சுமத்தலும் காமாலையும் ஒன்றல்ல. பின்னர்த் தாய்லாந்தில் நடந்த சோதனை இம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. அதை மறைப்பது மரபுக்குச் செய்யும் தொண்டாகாது. பெயரிலும் சிக்கலுண்டு: முதல் ஆய்வு செடியைப் பில்லாந்தசு நிரூரி என்றது, அடுத்தது பில்லாந்தசு அமாரசு என்றது. நம் கட்டுரைகளோ இரண்டையும் 'கீழாநெல்லி' என்னும் ஒரே சொல்லில் அடக்கி, எந்த மண்ணில் விளைந்தது, சாறா பொடியா என்று கேளாமலே கடக்கின்றன.