கல்வெட்டில் விடுபட்ட வரி

கடந்த ஆண்டு பெரியப்பாவின் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. குடும்பத்தில் தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்தவன் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை. தோர்ண்டன் ஹீத்தில் அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மாதிரிக்கென்று பழைய கல்வெட்டுகள் ஒரு கட்டு வைக்கப்பட்டிருந்தன. இரண்டு இரவுகளில் எழுதி முடித்தேன். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தில் பார்த்த வேலை, லண்டன் வந்த ஆண்டு, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ஓய்வுபெற்ற பிறகு அவர் பல மாலைகளில் தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை நிமிடம் பிந்தி வந்தது என்று ஒரு சிறு கொப்பியில் குறித்து வந்தார்.

அச்சுக்குப் போகுமுன் பெரியம்மா படித்துப் பார்த்தார். அந்த வரியில் விரலை வைத்தார்.

“உதை எடு தம்பி. சனம் சிரிக்கும்.”

எடுத்துவிட்டேன். எடுத்தது சரியா என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை மறுபடி வாசித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பிலிருந்து வந்தது.

கல்வெட்டு எளிதில் பகிடி பண்ணக்கூடிய வடிவம். அட்டையில் படம், உள்ளே திதி வெண்பா, தேவாரங்கள், வாழ்க்கைக் குறிப்பு, மனைவி மக்கள் சார்பில் புலம்பல் பாக்கள், வம்சவழி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். நான் பகிடி பண்ண வரவில்லை. 1981இல் தன் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த, அதன்பின் பலமுறை பெட்டியும் கையுமாக இடம்பெயர்ந்த ஒரு சமூகத்தில், மூன்று தலைமுறைப் பெயர்களை அச்சில் வைத்திருக்கும் ஒரே காகிதம் பல குடும்பங்களுக்கு இதுதான். நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்திச் சேர்த்து வைப்பது அதனால்தான். ஊர்களின் வரலாற்றை எழுதப் போகிறவர்களுக்கு அவை வேண்டும்.

என் குறை வேறு. மேசையில் கிடந்த கல்வெட்டுகள் அத்தனையையும் வாசித்தேன். எல்லாவற்றிலும் ஒரே மனிதர்தான் இருந்தார். இனிய சுபாவம் கொண்டவர், கடமை தவறாதவர், பிறர்க்குதவும் பண்பாளர். படங்களை மாற்றி ஒட்டினால் உறவினரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. ஒருவருக்கு என்ன பிடிக்கும், தனியே இருக்கும்போது என்ன செய்வார், எதை ஒளித்து வைத்திருந்தார் என்பதற்கு அங்கே இடமில்லை.

‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. எழுதியவருக்கு அப்போது வயது எண்பத்தைந்து. 1942இல் அவர் இறந்தபோது அது முடியாமல் நின்றது. சுவடி தேடிய கதைக்காகத்தான் பலரும் அந்த நூலை நினைவில் வைத்திருக்கிறோம். இம்முறை என்னை நிறுத்தியவை வேறு இரண்டு இடங்கள்.

முதலாவது, ‘தளிர் ஆராய்ச்சி’ என்று அவரே தலைப்பிட்ட அத்தியாயம். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க வருகிறார் பதினாறு வயதுப் பையன். பிள்ளையோ அவரை மூத்த மாணவர் ஒருவரிடம் விட்டுவிடுகிறார். ஆசிரியரை நெருங்க வழியில்லை. பிள்ளைக்குச் செடிகொடிகளில் பெரும் பிரியம். காலையில் தோட்டத்தில் ஒவ்வொரு செடியாகப் பார்த்து, புதுத் தளிர் விட்டிருந்தால் மகிழ்ந்து போவார். பையன் இதைக் கவனித்துவிடுகிறான். அவருக்கு முன்பே எழுந்து தோட்டத்தைச் சுற்றித் தளிர்களைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்கிறான். அவர் வந்ததும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று காட்டுகிறான். ஆசிரியரின் அன்பு கிடைக்கிறது, நேரடியாகப் பாடமும் கிடைக்கிறது.

எண்ணற்ற பாடல்களை இயற்றிய புலவர் ஒரு தளிருக்காகக் குனிந்து நிற்பதை நாம் பார்ப்பது இங்கேதான். கல்வெட்டுக்காரர் எவரும் இதை எழுதியிருக்க மாட்டார். அதைவிட முக்கியம், உ.வே.சா. தன்னைப் பற்றிச் சொல்வது. தான் செய்தது ஒரு தந்திரம் என்பதை அவர் மறைக்கவில்லை. கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகள் கழித்து, நாடே கொண்டாடும் தமிழ்த் தாத்தாவாக இருக்கும்போது, ஆசிரியரின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொண்ட பையனை அப்படியே நிறுத்திக் காட்டுகிறார்.

இரண்டாவது இடம் இதற்கு நேர்மாறு. அங்கே விருப்பத்தை ஒளித்தவர் மாணவர். உ.வே.சா.வின் தந்தை வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் பயின்ற சங்கீத வித்துவான். மகனும் பாட வேண்டும் என்பது அவர் ஆசை. அப்போது மாயூரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் மகனைக் கொண்டுபோய் விட்டார். பையனும் பாடம் கேட்டான். மகாவித்துவானுக்கு இது தெரியாது. அவருக்கோ மாணவர்கள் சங்கீதத்தில் இறங்குவது பிடிக்காது, இலக்கண இலக்கியத்தில் புத்தி செல்லாமல் போய்விடும் என்பது அவர் எண்ணம். ஒருநாள் பாரதியார் வாயாலேயே விஷயம் வெளிவந்தது. பிள்ளை தம் கருத்தைச் சொன்னார். சங்கீதப் பாடம் நின்றது.

இதே பிள்ளை, பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் தராமல் நாள் கடத்தியவர். அதிலிருந்த இலக்கணப் பிழைகள் அவரை உறுத்தின. வாசலில் காத்திருந்த பாரதியார் ஒருநாள் தனக்குள் பாடத் தொடங்கியதும், உள்ளே இருந்தவர் உருகிப் போய்ப் பாயிரம் தந்தார். அதையும் உ.வே.சா. பதிவு செய்திருக்கிறார். விலக்கியவர் உள்ளத்திலும் இசைக்கு இடம் இருந்தது. விட்டவர் பிற்காலத்தில் கனம் கிருஷ்ணையர், பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகியோர் வரலாறுகளை எழுதினார். விட்டது முற்றாகப் போகவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த இரண்டு இடங்களையும் வாசிக்கும்போது என் வேலையிடத்துப் பழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் கணினித் துறையில் ஆலோசகன். புதிய திட்டம் தொடங்கும்போதெல்லாம் முதல் கூட்டத்தில் எல்லோரும் ஆளுக்கொரு இரகசியம் சொல்ல வேண்டும்: உங்களைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாத ஒன்று. பதினைந்து ஆண்டுகளாக நான் ஒரே பதிலைச் சொல்கிறேன். கடற்கரை ஊரில் பிறந்தேன், நீந்தத் தெரியாது. எல்லோரும் சிரிப்பார்கள். அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்வதால் எனக்கு ஒரு சதம் நட்டமில்லை. நம் இதழ்களின் ஆசிரியர் குறிப்புகளில் வரும் பூனைகளும் மழையும் தேநீரும் இந்த வகைதான். பார்ப்பவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே பொறுக்கி எடுத்தவை.

உ.வே.சா. சொல்லும் விருப்பங்களில் எப்போதும் இன்னொருவர் இருக்கிறார். மறைக்க வேண்டிய ஒருவர், அல்லது வசப்படுத்த வேண்டிய ஒருவர். சங்கீதத்தில் தந்தையின் ஆசையும் ஆசிரியரின் கட்டளையும் மோதுகின்றன. அதைச் சொல்லும்போது யாரை விட்டுக்கொடுத்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய பொழுதுபோக்கு நமக்குப் பொருட்படுவது அதனால்தான்.

பெரியப்பாவின் கொப்பிகளை இப்போது நான் வைத்திருக்கிறேன். தோர்ண்டன் ஹீத்தில் பிரைட்டன் போகும் விரைவு வண்டிகள் நிற்பதில்லை. அவை கடந்துபோன நேரத்தையும் எழுதியிருக்கிறார். நேரம், திசை, பிந்திய நிமிடம். வேறு ஒரு சொல் கிடையாது. வடக்குக்கான ரயில் 1990இல் நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்துப் பதுங்குகுழிகளுக்குக் கூரை போட்டார்கள். 2014 ஒக்டோபர் 13க்குரிய பக்கத்தில் மட்டும் ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்தது. நேரம் தெரியாது.’

நான் நீக்கிய வரிக்குள் இவ்வளவும் இருந்தது. சனம் சிரித்திருக்கலாம். சிரித்தவர்களில் ஒருவராவது அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்திருப்பார்.

‘என் சரித்திர’த்திலும் எனக்குக் குறை உண்டு. ஆசிரியர்கள், மடத்துத் தம்பிரான்கள், நண்பர்கள் என்று அத்தனை ஆண்களின் பழக்கவழக்கங்களும் அதில் துலங்குகின்றன. அவருடைய கல்யாணம் வருகிறது, பந்தலும் செலவும் வருகின்றன. மனைவிக்கு என்ன பிடிக்கும் என்பது அந்தப் பெரிய நூலை முடித்த பிறகும் நமக்குத் தெரிவதில்லை.

இதைக் குறையாகச் சொன்ன பிறகுதான் என் பக்கம் பார்த்தேன். ஆட்டைத் திவசம் நெருங்குகிறது. போன கிழமை பெரியம்மாவிடம் கொப்பிகளைப் பற்றிக் கேட்டேன்.

“தெரியாமலென்ன? அவ்வளவும் நான்தானே வாங்கிக் குடுத்தது.”

“உங்களுக்கு அப்பிடி ஏதும் இருக்கோ பெரியம்மா?”

“எனக்கென்ன கிடக்கு” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போனார். அடுத்த முறை இன்னும் நேரம் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.