கோட்டையை எழுதியவர் யார்?

மலாக்காவைப்பற்றி எழுதப் புகும் நம்மவர் பேனா, பெரும்பாலும் இராசேந்திர சோழன் கப்பலிலேறிக் கடாரத்துக்குப் போய்விடுகிறது. மன்னர் பெருமை பேச நமக்குச் சலிப்பில்லை. ஆனால், அலோர் காஜாத் தோட்டத்திலிருந்து பட்டணம் வரும் தமிழன் கண்ணெதிரே நிற்கும் சாந்தியாகு வாயிலைப்பற்றி நம் எழுத்தாளர் சொல்வது யாது? ‘பறங்கியர் கோட்டை’ என்பதோடு முடித்துவிடுகின்றனர்.

அதன் வரலாறு அவ்வளவுதானா? 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர், பள்ளிவாசல்களையும் சுல்தான்களின் கல்லறைகளையும் இடித்தெடுத்த கல்லைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1641இல் வென்ற டச்சுக்காரர் அதனைச் செப்பனிட்டுத் தமதாக்கிக்கொண்டு, வாயிலின்மேல் தம் கும்பினிச் சின்னத்தையும் 1670 என்ற ஆண்டையும் பொறித்தனர். குன்றின்மேல் 1521இல் போர்த்துகீசியர் எழுப்பிய மாதா கோயில், டச்சுக்காரர்க்குப் புனித பவுல் ஆலயமாயிற்று. 1753இல் கீழே புதிய ஆலயம் கட்டி முடிந்தபின் இடுகாடாயிற்று. ஆங்கிலேயர் கையில் வெடிமருந்துக் கிடங்காயிற்று. தெய்வத்தின் பெயரால் நாடு பிடித்தவர்கள் தெய்வத்தின் வீட்டையும் இவ்வாறே நடத்தினர்!

1807இல் ஆங்கிலேயர் கோட்டையைத் தகர்க்கத் தொடங்கினர். அதை எழுதியவர், 1796இல் மலாக்காவில் பிறந்த அப்துல்லா முன்ஷி. நாகூர்த் தமிழ்க் குருதி கலந்தவர்; தமிழும் கற்றவர். ‘முன்ஷி’ என்னும் பெயரும் அக்கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் அளித்ததே. 1849இல் வெளிவந்த அவரது ‘ஹிகாயத் அப்துல்லா’, இடிக்க வந்த வேலையாட்கள் பேய்க்கு அஞ்சியதையும், பின்னர் வெடிமருந்தால் கற்கள் பறந்ததையும் கண்முன் நிறுத்துகிறது. வெள்ளைத் துரைமாரை அவர் அளவு மீறிப் புகழ்ந்தது குறையே. எனினும், கேள்விக் கதையை விடுத்துக் கண்டதை எழுதும் துணிவு அவரிடம் இருந்தது. அத்துணிவே அந்நூலின் உயிர்.

அந்நூல் மலாயில் இருக்கிறது. தமிழில் என்ன இருக்கிறது? 1831-32ஆம் ஆண்டுகளின் நானிங் போருக்குக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சென்னைப் படைச் சிப்பாய்க்கு நம் கவிதையில் ஓரடியேனும் ஒதுக்கினோமா? யாருடைய ஆட்சிக்காக, யாருடைய மண்ணில் அவன் துப்பாக்கி தூக்கினான் என்று கேட்டோமா?

சோழன் கப்பலை நம் எழுத்தாளர் சற்றே கரைசேர்ப்பாராக. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிபட்டு, நம் பெற்றோர் வாழ்ந்த இடங்கள் பிறர் பெயர் பெற்றுவிட்டன. அவற்றைக் கண்டவர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே எழுதிவைப்பதுதான் இலக்கியத் தொண்டு.