கணக்கில் அகப்படாத பாட்டன்

மூதாதையரைத் தேடிப் பினாங்கின் பழைய குடிமதிப்பு அறிக்கைகளைப் புரட்டுவோர் ஏமாந்தே திரும்புவர். 1871 முதல் 1931 வரை பத்தாண்டுக்கொரு முறை எடுக்கப்பட்ட கணக்கு அது. அச்சேறிய ஏடுகளில் தலைத்தொகை உண்டு, பெயர் இல்லை. 1871-இல் நம்மவர்க்கு இட்ட தலைப்போ 'கிளிங்'! இதனைச் சரித்திரமென்று போற்றுவாரும் உளர்.

மரணப் பதிவேடு பெயரேனும் சொல்லும். ஆனால், ராமசாமி மகன் முனுசாமி என்றால், எந்த ராமசாமி? குடும்பப்பெயர் வழங்காத நமக்குத் தந்தை பெயரே சரடு. செவியில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் கிறுக்கிய எழுத்தர் அச்சரட்டையும் அறுத்துவிட்டார்.

பிறரைக் குறைகூறும் யானும் தோட்டக் கிராணியே. செக்ரோலில் மூன்று முனியம்மாக்களை எண்ணிட்டுப் பிரித்தவன். அவருள் ஒருவர் இறந்தபோது, பதிவுக்குச் சொந்த ஊர் கேட்டார்கள். லயத்தில் யாரும் அறியார். பதினோராண்டு அவருக்குச் சம்பளம் எழுதிய யானும் கேட்டு வைக்கவில்லை.