கதிர்த் தடமறிதலில் மாதிரியெடுப்பு: பலமும் பலவீனமும்

கணினி வரைகலையில் ஒரு பிக்சலின் நிறம் ஒரு தொகையீட்டின் விடை. விளக்கு, சுவர், தரை, கண்ணாடி எனப் பல பரப்புகளில் பட்டுத் தெறித்து, எல்லாத் திசைகளிலிருந்தும் அங்கே வந்துசேரும் ஒளியைக் கூட்டினால் அந்த நிறம் கிடைக்கும். 1986இல் ஜேம்ஸ் கஜியா இதை ‘ரெண்டரிங் சமன்பாடு’ என ஒரே சமன்பாட்டில் அடக்கினார். நேரடியாகத் தீர்க்க முடியாத அதற்கு ஒரு வழியையும் அவரே சொன்னார். கேமராவிலிருந்து கதிர்களை அனுப்பி, ஒவ்வொரு தெறிப்பிலும் ஒரு திசையைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, கிடைக்கும் ஒளியின் சராசரியை எடுப்பதே அந்த வழி. இன்று பாத் டிரேசிங் எனப்படுவது இதுதான்.

இதன் வேர் வரைகலையில் இல்லை. 1940களின் பிற்பாதியில் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்டானிஸ்லாவ் உலாம், ஜான் வான் நியூமன், நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ் ஆகியோர், அணுப்பிளவுப் பொருளுக்குள் நியூட்ரான்கள் பரவுவதைக் கணக்கிட, குலுக்கல் முறையில் மாதிரியெடுக்கும் மான்டி கார்லோ முறையை உருவாக்கினர். சுவரில் பட்டு ஒளி சிதறுவதையும் அணுக்கருவில் மோதி நியூட்ரான் சிதறுவதையும் ஒரே குடும்பத்துச் சமன்பாடுகளே விவரிக்கின்றன. அதனால் திரைப்படக் காட்சிக்கும் அணு உலைக் கவசச் சுவருக்கும் ஒரே கணக்குமுறை பயன்படுகிறது. ஆனால் அதன் நிறைகுறைகளை இரண்டு இடத்திலும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது.

முதல் பலம், பரிமாணங்கள் பெருகினாலும் முறை தளர்வதில்லை என்பது. ஐந்து முறை தெறிக்கும் கதிருக்கு, தெறிப்புக்கு இரண்டு வீதம் பத்து எண்கள் தேவை. ஒவ்வொரு எண்ணையும் பத்துப் புள்ளிகளாகப் பிரித்துக் கட்டம் கட்டமாகக் கணக்கிட்டால், ஒரே பிக்சலுக்கு ஆயிரம் கோடிப் புள்ளிகள் வேண்டும். மாதிரியெடுப்பிலோ சாதாரணக் காட்சிகளுக்குச் சில நூறு கதிர்களிலேயே பயன்படக்கூடிய விடை வந்துவிடும். இரண்டாவது பலம் நேர்மை. சரியாக எழுதப்பட்ட பாத் டிரேசிங் நிரலில் சராசரி உண்மை விடையை நோக்கியே நகரும். கதிர்கள் போதாவிட்டால் படம் புள்ளி புள்ளியாக இரைச்சலுடன் தெரிந்து குறையைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவதாக, கதிர்கள் ஒன்றையொன்று சாராதவை. ஆகவே வேலையை ஆயிரக்கணக்கான ப்ராசசர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம்.

வெளிப்படையான குறை வேகம். பிழை, மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறைகிறது. இரைச்சலைப் பாதியாக்க 4 மடங்கு கதிர்கள் வேண்டும்; பத்தில் ஒன்றாக்க 100 மடங்கு வேண்டும். ஒளி அதிகம் வரக்கூடிய திசைகளுக்குக் கூடுதல் கதிர்களை அனுப்பி, அதற்கேற்ப எடையைக் குறைத்துக்கொள்ளும் முக்கியத்துவ மாதிரியெடுப்பு இதற்கு நல்ல மருந்து. அத்தகைய பல உத்திகளைத் தகுந்த எடையுடன் இணைக்கும் வழியை எரிக் வீச், லியோனிதாஸ் கீபாஸ் இருவரும் 1995இல் கொடுத்தனர். குலுக்கல் எண்களுக்குப் பதிலாகப் பயன்படும் ஹால்டன், சோபோல் எண் வரிசைகள் புள்ளிகளைச் சீராகப் பரப்பி விடையை விரைவாக நெருங்கச் செய்கின்றன. ஆனால் கூர்மையான நிழல் விளிம்புகளும் நீண்ட பாதைகளும் வரும்போது அவற்றின் அனுகூலம் தேய்கிறது.

இதைவிட ஆழமான குறை அரிதான பாதைகளில் இருக்கிறது. சிறு விளக்கின் ஒளி தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளர் வழியே மேசையில் விழுவதாக வைத்துக்கொள்வோம். மேசையின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் 10,000 கதிர்களில் ஒன்றுதான் டம்ளரைக் கடந்து விளக்கை எட்டுகிறது. எட்டினால் 10,000 அலகு ஒளி கிடைக்கிறது. உண்மைச் சராசரி 1. பிக்சலுக்கு 100 கதிர்கள் வீதம் அனுப்பினால், நூறு பிக்சல்களில் சுமார் 99 பிக்சல்கள் 0 காட்டும், ஒன்று 100 காட்டும். கறுத்த மேசையில் ஆங்காங்கே கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் புள்ளிகளாக இது தெரியும். தனி ஒரு பிக்சலை மட்டும் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் நூறு கதிர்களும் 0 தந்திருப்பதால், அவற்றிலிருந்து மதிப்பிடும் பிழை அளவும் 0 ஆகிவிடுகிறது. விடையும் தவறு, அதற்கான சான்றிதழும் தவறு. மேலே சொன்ன நேர்மை பொய்க்கும் இடம் இது.

வரைகலையாளர்கள் இதற்குச் சில சமரசங்களைச் செய்கிறார்கள். ஹென்ரிக் வான் ஜென்சன் 1990களின் நடுவில் உருவாக்கிய ஃபோட்டான் மேப்பிங், சிறிதளவு சாய்வை, அதாவது சராசரி உண்மை விடையிலிருந்து விலகுவதை, ஏற்றுக்கொண்டு இத்தகைய ஒளித்திட்டுகளைச் சீராக வரைகிறது. மிகையான ஒளி மதிப்புகளை வெட்டிவிடும் வழக்கமும் உண்டு. 2018 முதல் ரே டிரேசிங்குக்கென்று வன்பொருள் கொண்ட கிராஃபிக்ஸ் கார்டுகளில், கணினி விளையாட்டுகள் பிக்சலுக்கு ஓரிரு கதிர்களையே அனுப்பிவிட்டு மீதியை இரைச்சல் நீக்கும் நிரலிடம் விடுகின்றன. பார்ப்பவரின் கண்ணே நீதிபதி என்பதால் அங்கே இது நியாயமான பேரம்.

கவசச் சுவர்க் கணக்கில் அதே பேரம் ஆபத்தானது. சுவரைத் துளைத்து வெளிவரும் அந்த அரிதான நியூட்ரான்தான் அங்கே கேள்வியே. அதனால்தான் லாஸ் அலமாஸில் உருவான எம்சிஎன்பி நிரல் விடையுடன் சார்புப் பிழையையும் அச்சிட்டு, பத்துப் புள்ளியியல் சோதனைகளையும் நடத்துகிறது. அந்தச் சோதனைகளும் ஒருமுறைகூட எட்டப்படாத பாதையைக் கண்டுபிடித்துத் தர முடியாது. எந்தப் பாதைகள் முக்கியம் என்ற இயற்பியல் அறிவை மனிதரே கொண்டுவர வேண்டும்.

மொத்தத்தில், மாதிரியெடுப்புக்குச் சமமான மாற்று பல பரிமாணச் சிக்கல்களில் அரிது. அதன் இரைச்சல் அழகைக் கெடுத்தாலும் விடையின் தரத்தைச் சொல்லும் தகவல் அது. படத்துக்காக அதை அழிக்கலாம். அளவீட்டுக்காக உருவாக்கும் கணக்கில் அதை அழிப்பவர், எவ்வளவு சாய்வைச் சேர்த்தார் என்பதையும் விடையோடு அறிவிக்கக் கடமைப்பட்டவர்.