ஒரு லட்ச ரூபாய்த் தாம்பூலம்

2023 டிசம்பரில் மக்களவை முன் வந்த அந்த நிதியாண்டின் முதல் துணை மானியக் கோரிக்கைகளின் மொத்தம் ஏறத்தாழ 1.29 லட்சம் கோடி ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 14,524 கோடி, உர மானியத்துக்கு 13,351 கோடி என்று மலைமலையாகத் தொகைகள். அவற்றுக்கு நடுவே அடக்கமாக ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது: அடையாளத் தொகையாக 75 லட்சம் ரூபாய், இனம் ஒன்றுக்கு ஒரு லட்சம் வீதம். எனக்குப் படிக்கப் படிக்க இனிப்பது இந்த வரிதான்.

ஓர் அமைச்சகம் ஒரு லட்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. செலவுக்கு வேண்டிய பணம் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. வேறு ஏதோ ஒரு தலைப்பில் மிச்சப்பட்டுக் கிடக்கிறது. ஆனால் அதை எடுத்துச் செலவிட நினைப்பது புதிய பணி ஒன்றுக்கு. பிப்ரவரியில் வரவு செலவுத் திட்டத்தை அவை பார்த்தபோது அந்தப் பணி அதில் இல்லை. பணம் உண்டு, இசைவு இல்லை. இந்த இடத்துக்கென்றே மக்களவை நடைமுறை விதிகளில் 217-ஆம் விதி இருக்கிறது. அடையாளமாக ஒரு சிறு தொகையைக் கேட்கலாம். அவை அதைத் தந்துவிட்டால், மிச்சத்தை அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவார். அந்த வெற்றிலையில் யாருக்கும் வயிறு நிறைவதில்லை. ஆனாலும் அதை நீட்டாமல் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனால் அழைத்ததாகவே கணக்கில்லை. அவைக்கு அரசு வைக்கும் தாம்பூலம் இந்த ஒரு லட்சம். கையில் இருக்கும் காசைச் செலவழிக்கவும் கேட்டுவிட்டுத்தான் செலவழிக்க வேண்டும் என்பதை, இத்தனை சின்னத் தொகையில் இத்தனை தெளிவாக வேறு எப்படிச் சொல்லிவிட முடியும்!

மொத்தத்தையும் நிகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் தனிச் சுவை. அந்த 1.29 லட்சம் கோடியில் அரசின் கையை விட்டு உண்மையில் கூடுதலாகப் போவது சுமார் 58,378 கோடிதான். மீதி, அமைச்சகங்களின் சேமிப்பாலும் கூடுதல் வரவாலும் ஈடாகிவிடுகிறது. அப்படியானால் 58,378 கோடியை மட்டும் கேட்டால் போதாதா? போதாது. ஒரு கோரிக்கையில் மிஞ்சியது இன்னொரு கோரிக்கையின் குறையைத் தானாகப் போய் நிரப்பாது. தேருக்கென்று திரட்டிய பணத்தைக் குளம் வெட்ட எடுக்க வேண்டுமானால் ஊர்க்கூட்டத்தில் சொல்லித்தானே ஆக வேண்டும்? அதனால்தான் முழுத்தொகையும் அவை முன் விரிக்கப்படுகிறது.

கோரிக்கையை வாக்குக்கு விடும்போது வாசிக்கப்படும் தீர்மானத்தின் சொற்களையும் கவனிக்க வேண்டும். குறிப்பிட்ட தொகைகளுக்கு ‘மிகாமல்’ வழங்கப்படலாம் என்பது அதன் நடை. அந்த ஒரு சொல்லில் உச்சவரம்பு விழுந்துவிடுகிறது. குறைவாகச் செலவிட்டால் தவறில்லை, ஒரு ரூபாய் கூடினால் தவறு. அப்படிக் கூடிவிட்டால் அது மிகைச் செலவு; பொதுக்கணக்குக் குழு துருவிப் பார்த்த பிறகு, அரசமைப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி அவையிடம் தனியாக வந்து நிற்க வேண்டும். தொகை வழங்கப்படுவது நிதியமைச்சருக்கும் அல்ல, அமைச்சகத்துக்கும் அல்ல, குடியரசுத் தலைவருக்கு. கூடவே ஒரு காலக்கெடு: மார்ச் 31-இல் முடியும் ஆண்டுக்குள்.

இசைவு கிடைத்தாயிற்று, பணத்தை எடுக்கலாமா என்றால், இன்னும் முடியாது. மானியம் தருவது வேறு, அரசின் கருவூலமான தொகுப்பு நிதியின் பூட்டைத் திறப்பது வேறு. பூட்டுக்குச் சாவி சட்டம் ஒன்றுதான். எனவே நிதி ஒதுக்கீட்டு மசோதா உடனே வருகிறது. பெயரில் கூட அலங்காரம் கிடையாது; ஓர் எண், ஓர் ஆண்டு, அவ்வளவுதான். ஆண்டுத் தொடக்கத்து மசோதா ‘சில தொகைகள்’ என்று பேசும். துணை மசோதா ‘மேலும் சில தொகைகள்’ என்று பேசும். அந்த ‘மேலும்’ என்ற ஒரு சொல்லில் ஓர் ஆண்டின் எதிர்பாராதவை அத்தனையும் அடங்கியிருக்கின்றன. விலை ஏறிய உரமும், வேலை கேட்டு வந்த கூடுதல் கைகளும் அதற்குள் இருக்கின்றன.

மசோதாவின் அட்டவணையில் அவை வாக்களித்த தொகைக்கு ஒரு பத்தி, தொகுப்பு நிதியின் மீது சாட்டப்பட்ட தொகைக்கு ஒரு பத்தி. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியமும், அரசு வாங்கிய கடனுக்கான வட்டியும் இரண்டாவதில் சேரும். அவற்றைப் பற்றி உறுப்பினர்கள் பேசலாம், வாக்களிக்க முடியாது. நீதிபதியின் சம்பளம் எந்தப் பெரும்பான்மையின் கோபத்துக்கும் எட்டாத உயரத்தில், ஒரு கோட்டுக்கு அப்பால் வைக்கப்பட்டிருக்கிறது.

கோரிக்கைகள் மீதான விவாதத்துக்கும் ஒரு வேலி உண்டு. விதி 216-இன்படி, புதிதாகக் கேட்கும் இனங்களைப் பற்றி மட்டுமே பேசலாம். பழைய மானியத்தின் கொள்கையை, விளக்கத்துக்குத் தேவைப்பட்டால் ஒழிய, கிளறக் கூடாது. நல்ல வேலி என்றுதான் நினைக்கிறேன், வேலிக்குள் ஆட்கள் நின்று பேசும்வரை. கூச்சலுக்கு நடுவே சில நிமிடங்களில் குரல் வாக்கெடுப்பு நடந்து முடிகிற நாட்களும் உண்டு. இவ்வளவு கருத்தாகச் செய்த பாத்திரத்தில் ஒன்றும் ஊற்றாமல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவதாக, அன்றைக்கெல்லாம் மனம் வருந்துகிறது.

மாநிலங்களவையில் நிதி ஒதுக்கீட்டு மசோதாவை ‘நிறைவேற்றுக’ என்று தீர்மானம் வராது, ‘திருப்பி அனுப்புக’ என்றே வரும். இது பண மசோதா; அதில் அந்த அவைக்குப் பரிந்துரைக்கும் உரிமைதான் உண்டு, அதுவும் 14 நாட்களுக்குள். பரிந்துரை எதுவும் இல்லை என்ற செய்தியோடு அது திரும்புகிறது. குடியரசுத் தலைவரும் இதை மறுபரிசீலனைக்கு அனுப்ப இயலாது. அவருடைய பரிந்துரையோடுதான் மசோதாவே அவைக்கு வந்தது.

ஒப்புதலான பிறகு, அமைச்சகக் கணக்கில் நேற்றுவரை இல்லாத ஒரு தலைப்பு திறக்கிறது. முதலில் அந்த ஒரு லட்சம் அங்கே போய் உட்காருகிறது. மிச்சப் பணம் அதன் பின்னால் வருகிறது.