கல்லாக இறுகிய டயர் வேகம் தராது

பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தின் சராசரி வேகப் பட்டியலைப் பாருங்கள். 1964ல் நெதர்லாந்து வீரர் பீட்டர் போஸ்ட் மணிக்கு 45.129 கி.மீ. வேகத்தில் ஓட்டி வென்றார். அந்தச் சாதனை 53 ஆண்டுகள் அசையவில்லை. 2017ல் பெல்ஜியத்தின் கிரெக் வான் ஆவர்மாட் 45.204 கி.மீ. என்று மயிரிழையில் முந்தினார். பிறகு 2022, 2023, 2024 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் சாதனை உடைந்தது. 2024ல் மாத்யூ வான் டெர் போல் தொட்ட வேகம் 47.802 கி.மீ. மொத்தத் தூரம் கிட்டத்தட்ட 260 கி.மீ. அதில் ஏறத்தாழ 55 கி.மீ. கருங்கல் பாவிய பழைய வயல்வழிப் பாதை. போஸ்ட் ஓட்டிய காலத்தில் கல்பாதை இவ்வளவு இல்லை.

காரணம் ஒன்றல்ல. பின்காற்று கைகொடுத்த ஆண்டுகள் உண்டு. ஓட்டும்போதே மணிக்கு 100 கிராம் அளவுக்கு மாவுச்சத்தை உள்ளே தள்ளும் பழக்கம் வந்துவிட்டது. வண்டியும் உடையும் காற்றைக் கிழிக்கிற வடிவத்துக்கு மாறிவிட்டன. இவற்றில் பாதி, பெரிய அணிகளின் பணப்பெட்டியோடு சேர்ந்தவை. ஆனால் ஒரு மாற்றத்தை நம் வீட்டு வாசலில், நாளைக் காலையே, காசு செலவில்லாமல் செய்துகொள்ளலாம். டயரில் அடிக்கும் காற்றைக் குறைப்பது.

பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் சாலைப் பந்தயம் என்றால் 23 மி.மீ. டயர், அதில் 110, 120 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) காற்று. ஒல்லியும் இறுக்கமும்தான் வேகம் என்று உலகமே நம்பியது. இன்று சாதாரணச் சாலையிலேயே தொழில்முறை வீரர்கள் 28, 30 மி.மீ. போடுகிறார்கள், ரூபேயின் கல்பாதைக்கு 32ம் அதற்கு மேலும். காற்றழுத்தமோ பாதியளவுக்கு இறங்கிவிட்டது.

இந்தச் செய்தி நம் ஊர்க் குழுக்களுக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. சென்னை ஈசிஆரில் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் திருவான்மியூரிலிருந்து கிளம்பும் கூட்டத்தைப் பாருங்கள். ஹெல்மெட், பளிச்சிடும் பின்விளக்கு, ஜெர்சிப் பையில் வாழைப்பழம். புறப்படுவதற்கு முன் ஒரே பம்ப் கைமாறிக்கொண்டே வரும்.

“அண்ணா, எவ்வளவு அடிச்சிருக்கீங்க?”

“நூத்திப்பத்து. அழுத்திப் பாரு, கொஞ்சம்கூட அமுங்காது.”

தம்பியும் தன் டயருக்கு நூற்றுப்பத்து அடித்துக்கொள்வார். அவர் எடை அறுபது கிலோவாக இருக்கும், அண்ணனுடையது தொண்ணூறாக இருக்கும். டயரின் அகலமும் வேறாக இருக்கலாம். யாரும் கேட்பதில்லை. கோவளம் போய் காபி குடிக்க நிற்கும்போது பேச்சு கார்பன் வீலுக்கும், கியர்–பிரேக் தொகுப்பான குரூப்செட்டுக்கும், வண்டியின் எடைக்கும் போய்விடும். எல்லாவற்றையும் தரையோடு இணைக்கிற கட்டைவிரல் அகல ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

டயர் உருளும்போது சக்தி இரண்டு வழியில் வீணாகிறது. ரப்பரும் உள்நூலும் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி மீள்வதில் கொஞ்சம் வெப்பமாகப் போகிறது. இது முதல் வழி. காற்றைக் கூட்டினால் நசுங்கல் குறையும், இழப்பும் குறையும். பழைய ஆய்வகங்கள் வழவழப்பான இரும்பு உருளையில் டயரை ஓட்டி அளந்தது இதை மட்டும்தான். அதனால்தான் ‘எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகம்’ என்ற முடிவுக்கு வந்தார்கள். உருளையின் மேல் மனிதன் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிஜச் சாலையில் சொரசொரப்பு உண்டு. இறுகிய டயர் சின்னஞ்சிறு மேடுகளை உள்வாங்காது. வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். முன்னால் போக வேண்டிய சக்தி மேலும் கீழுமாகச் செலவாகிறது. அந்த அதிர்வைத் தொடைச் சதையும், வயிறும், தோளும், உள்ளங்கையும் வாங்கி வெப்பமாக்கிக் கரைக்கின்றன. அமெரிக்காவில் ‘பைசைக்கிள் குவார்ட்டர்லி’ இதழை நடத்தும் யான் ஹைனா நிஜச் சாலையிலும், சாலையோர அதிர்வுக் கோடுகளின் மேலும் ஓட்டிப் பார்த்து இந்த இரண்டாவது இழப்பைத் தொடர்ந்து எழுதிக்காட்டினார். சக்கரத் தொழிலில் இருந்த ஜோஷ் போர்ட்னர் போன்றவர்களின் அளவீடுகளும் அதையே சொல்லின. ஒரு குறிப்பிட்ட அழுத்தம்வரை காற்றைக் கூட்டக் கூட இழப்பு மெல்லக் குறைகிறது. அந்த எல்லையைத் தாண்டியதும் சட்டென்று ஏறுகிறது. ஐந்து பிஎஸ்ஐ குறைவாக அடித்தால் நட்டம் சொற்பம். அதே ஐந்து கூடிப்போனால் நட்டம் அதைவிடப் பெரிது. சாலை மோசமாக ஆக, அந்த எல்லை கீழே இறங்குகிறது. நம் சாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது.

ஆனாலும் இறுகிய டயரில் போகும்போது பறப்பதுபோல் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கைப்பிடியில் வரும் அந்த விர்ரென்ற அதிர்வை மூளை வேகமாக எடுத்துக்கொள்கிறது. கடிகாரத்தைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

எடைக் கதைக்கும் கொஞ்சம் கணக்கு தேவை. பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐயின் விதி. அந்த எண்ணைத் துரத்தி, அரைக் கிலோவைக் குறைக்க லட்சம் ரூபாய் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆளும் வண்டியுமாக 83 கிலோ என்றால் அரைக் கிலோ என்பது 0.6 சதவீதம். ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ ஒரு மணி நேரம் ஏறினால் மிச்சமாவது ஏறத்தாழ இருபது வினாடி. மேடே இல்லாத ஈசிஆரில் அதுவும் இல்லை. அங்கே எதிரி காற்றுதான். காற்று எதிர்ப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு வண்டியால் வருவதல்ல, ஓட்டுபவரின் உடலால் வருவது. முழங்கையை மடக்கித் தாழ உட்காரப் பழகினால் கிடைப்பதைக் கார்பன் சட்டம் கொடுக்காது. அப்படித் தாழ உட்கார்ந்து மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால், கையையும் முதுகையும் உலுக்காத டயர் வேண்டும்.

எனக்கு இதில் ஆதங்கமே உண்டு. ஆசையாக ரோட் பைக் வாங்கி வருகிற புதியவர் மாமல்லபுரம் போய்த் திரும்புவதற்குள் விரல் மரத்து, கழுத்து பிடித்து, இந்த விளையாட்டே தன் உடம்புக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறார். வண்டி சுவரோரம் சாய்ந்துவிடுகிறது. அவரிடம் விலையுயர்ந்த பாகங்களைப் பற்றிச் சொன்ன குழுவில், டயர் அழுத்தத்தைப் பற்றிச் சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட 120 என்பது உச்சவரம்பு. அடிக்கச் சொல்லும் அளவு அல்ல. எழுபது கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில், டியூபோடு, பின்னால் 75, முன்னால் 70 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். 25 மி.மீ. என்றால் 85 முதல் 90. பின்சக்கரம்தான் அதிக எடை சுமக்கிறது என்பதால் முன்னுக்கு எப்போதும் கொஞ்சம் குறைவு. எடை கூடினால் சில புள்ளிகள் கூட்டுங்கள். அகலமான டயரின் உறை அதே அழுத்தத்திலும் கூடுதலாக விறைக்கும். ஆகவே அகலம் கூடினால் காற்றைக் குறைத்தே ஆக வேண்டும். 28ஐ மாட்டிவிட்டு 23க்கு அடித்த காற்றையே அடித்தால் காசு வீண்.

குறைத்தால் பஞ்சராகுமே என்ற பயம் பாதி நியாயம். மிகக் குறைத்துவிட்டால் குழி விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். ஆனால் கண்ணாடிச் சில்லும் கம்பித் துண்டும் குத்துவதை 120 பிஎஸ்ஐ தடுக்காது. இறுகிய ரப்பர் சில்லின் மேல் வளைந்துகொடுக்காமல் கிழிபடும் வாய்ப்பே கூடுதல்.

எல்லா வண்டியிலும் அகல டயர் நுழையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய ரிம் பிரேக் வண்டிகளில் பிரேக்கின் இடைவெளியே 25, மிஞ்சினால் 28தான் விடும். 2018ல் யூசிஐ டிஸ்க் பிரேக்கை முறையாக அனுமதித்த பிறகுதான் அந்தத் தடை விலகி டயர்கள் இவ்வளவு பருத்தன. கையிலிருப்பது பழைய வண்டியானால், அது ஏற்கும் உச்ச அகலத்தில் மெல்லிய, மிருதுவான நல்ல டயராக ஒரு ஜோடி வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும் இந்த மாற்றத்துக்கு ஈடாக லட்ச ரூபாய்ப் பாகம் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஒன்றில் மட்டும் துளியும் அலட்சியம் வேண்டாம். புதிய கார்பன் சக்கரங்கள் பல, டயரைப் பிடிக்கும் உள்கொக்கி இல்லாத ‘ஹூக்லெஸ்’ வகை. அவற்றின் உச்சவரம்பு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. பழக்கதோஷத்தில் அதில் நூறு அடித்தால் ஓடும்போதே டயர் கழன்று வரலாம். பம்ப் கைமாறும்போது அடுத்தவர் சக்கரம் எந்த வகை என்று கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

வரும் ஞாயிறு ஒரே நீட்டத்தைப் போக வர இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். முதல் முறை வழக்கமான காற்று, அடுத்த முறை பதினைந்து பிஎஸ்ஐ குறைத்து, அதே இதயத்துடிப்பில். நேரத்தைக் குறித்து, உங்கள் குழுவில் போடுங்கள். அழுத்தம் காட்டும் மானி உள்ள பம்ப் இல்லாதவர்கள், வேறு எதை வாங்குவதற்கும் முன் அதை வாங்கிவிடுங்கள்.