கோவையின் இசைநாடகக் கம்பெனி

தமிழ் நாடகக் கம்பெனிகள் பல ஊர்ப்பெயரோடு அறியப்பட்டவை. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, டி.கே.எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா என்று பெயரிலேயே ஊர் இருக்கும். ஆனால் அந்த ஊருக்கும் கம்பெனிக்கும் பெரிய உறவு இருந்ததில்லை. மதுரைப் பெயர் கொண்ட சபா 1925-ல் தொடங்கப்பட்ட இடம் திருவனந்தபுரம். கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்று கொட்டகை போட்டன. கூட்டம் குறைந்ததும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பின. கோயம்புத்தூர் அவை வந்துபோகும் ஊர்களில் ஒன்று.

ஐரோப்பிய ஓபராவின் வரலாறு இதற்கு நேர் எதிரானது. 1637-ல் வெனிஸ் நகரில் கட்டணம் கொடுத்து யாரும் பார்க்கக்கூடிய ஓபரா அரங்கு திறக்கப்பட்டது. மிலன் நகரின் லா ஸ்காலா 1778-ல் திறக்கப்பட்டது. அங்கே ஓபரா என்றால் ஒரு நகரம், அந்நகரில் ஒரு கட்டிடம், அதற்குள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட பாடகர்களும் வாத்தியக்காரர்களும் காட்சி அமைப்பவர்களும். தமிழ் இசைநாடகத்துக்கு பாட்டு இருந்தது, நட்சத்திரங்கள் இருந்தார்கள், ரசிகர்கள் இருந்தார்கள். நிலையான கூரை மட்டும் இல்லை. அந்தக் கூரையைப் போட்டுக் கொடுத்த நகரங்களில் கோயம்புத்தூர் முக்கியமானது என்பதும், அதன் பெயர் சென்ட்ரல் ஸ்டுடியோ என்பதும் இக்கட்டுரையின் வாதம். சினிமா வரலாற்றில் வைத்து மட்டுமே பேசப்படும் அந்த நிறுவனத்தை இசைநாடக வரலாற்றில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பஞ்சாலைப் பணமும் பாட்டும்

கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். தொழில்முறையில் அவரும் ஒரு நாடகக் கம்பெனி முதலாளியைப் போலத்தான் வாழ்ந்தார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தர அரங்கைக் கட்டினார். அந்தச் சாலை இன்றும் வெரைட்டி ஹால் சாலைதான். 1933-ல் அவர் கல்கத்தா நிறுவனத்துடன் சேர்ந்து எடுத்த பேசும்படம் ‘வள்ளி திருமணம்’. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகமாகத் தமிழகம் முழுக்க ஆடப்பட்ட கதை அது. டி.பி. ராஜலட்சுமி நடித்த அந்தப் படம் நன்றாக ஓடியது.

பைக்காரா மின்சாரம் வந்த பிறகு 1930-களில் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. அந்தப் பணத்தில் ஒரு பகுதி படமெடுப்பதற்கும் வந்தது. பஞ்சாலை அதிபர் பி. ரங்கசாமி நாயுடு, சாமிக்கண்ணு வின்சென்ட், எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் முன்னின்று சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். ஆலை நடத்திப் பழகியவர்கள் என்பதால் கலைஞர்களையும் மாதச் சம்பளத்துக்கு அமர்த்துவது அவர்களுக்கு இயல்பாக வந்தது. நாடகக் கம்பெனியிலும் சம்பளம் உண்டு. ஆனால் மழை பெய்து கொட்டகை காலியானால் சம்பளமும் காலி.

இங்கே வந்து சேர்ந்தவர்களைப் பார்த்தால் கம்பெனியின் தொடர்ச்சி தெரியும். இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடு சிறுவயதில் நாடகக் கம்பெனியில் இருந்தவர். ஜி. ராமநாதன் ஆர்மோனியக் கலைஞராகத் தொடங்கியவர். எம்.கே. தியாகராஜ பாகவதர் மேடை ராஜபார்ட். 1938-ல் சென்ட்ரல் ஸ்டுடியோ எடுத்த ‘துகாராம்’ படத்தில் கர்நாடக சங்கீத வித்வான் முசிறி சுப்பிரமணிய ஐயர் கதாநாயகன். நடிப்பு தெரியுமா என்று யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஓபராவிலும் முதல் தகுதி குரல்தான்.

சிவகவியும் ஹரிதாஸும்

அக்காலப் படங்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் குறை, அவை படம்பிடிக்கப்பட்ட நாடகங்கள், பாட்டு மிகுந்தவை என்பது. தாராபுரத்தில் பிறந்த சினிமா ஆய்வாளர் சு. தியடோர் பாஸ்கரன், கம்பெனி நாடகத்தின் பாதிப்பால் தமிழ் சினிமாவின் காட்சிமொழி வளரத் தாமதமாகியது என்று வாதிட்டிருக்கிறார். சினிமா என்ற அளவுகோலில் அது சரி. ஆனால் அந்த அளவுகோல் மட்டும் போதாது. ஓபராவில் ஒருவன் சாகும்போதும் பாடுகிறானே என்று யாரும் குறை சொல்வதில்லை. பாட்டு கதையை நகர்த்துகிறதா, பாத்திரத்தின் மனமாற்றம் பாட்டுக்குள் நிகழ்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா நிறுவனத்துக்காக சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவான ‘சிவகவி’ (1943) இந்தக் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கிறது. பொய்யாமொழிப் புலவரின் கதை. சிவனைப் பாடும் வாயால் முருகனைப் பாட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் புலவன் கடைசியில் வணங்கிப் பாடுகிறான். யாரைப் பாடுவது என்பதே கதையின் முரண். எனவே பாகவதரின் ஒவ்வொரு பாட்டும் கதையில் ஒரு செயல். பாபநாசம் சிவனின் பாடல்களை எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் கதையே மிஞ்சாது.

‘ஹரிதாஸ்’ (1944) இன்னும் துணிச்சலானது. சுந்தர் ராவ் நட்கர்னி இயக்கி சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. நாயகன் குதிரைமேல் பாடிக்கொண்டு அறிமுகமாகிறான். இது மேடையில் ராஜபார்ட் பாடிக்கொண்டே பிரவேசிக்கும் வழக்கம், குதிரை மட்டும் சினிமா கொடுத்தது. டி.ஆர். ராஜகுமாரியின் ரம்பாவுடன் வரும் சாருகேசி ராகப் பாட்டு இன்றும் கேட்கப்படுகிறது. பெற்றோரைத் துரத்திய அந்தப் பகட்டுக்காரன் பிறகு கால்களை இழக்கிறான். குதிரையில் வந்த உடல் தரையில் தவழ்கிறது. அவனிடம் மிஞ்சுவது குரல் மட்டும். முதலில் ஆணவமாக ஒலித்த அதே குரல் இப்போது மன்றாடுகிறது. கதைக்கருவில் வியக்க எதுவும் இல்லை, தாய் தந்தையைப் பேணு என்ற நீதி அவ்வளவுதான். ஒரே குரலின் இரு நிலைகளை எதிரெதிரே வைத்ததில்தான் படம் நிற்கிறது. சென்னை பிராட்வே அரங்கில் இந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. மக்கள் திரும்பத் திரும்பச் சென்றது அடுத்து என்ன நடக்கும் என்று அறிய இருக்க முடியாது. தெரிந்த பாட்டை மறுபடி கேட்கச் சென்றார்கள். ஓபரா ரசிகனும் அப்படித்தான் செல்வான்.

இழந்தவை

கூரை கிடைத்ததற்கு விலை இருந்தது. மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளும் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் தர்க்கம் பாடும்போது, ஒருவர் எடுத்த சங்கதிக்கு மற்றவர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். கூட்டம் கேட்டால் மறுபடி பாட வேண்டும். ஒவ்வொரு இரவும் வேறு நாடகம். படச்சுருளில் ஒரு முறை பாடியதே கடைசி. 1933-ல் கிட்டப்பா இறந்த பிறகு சுந்தராம்பாள் எந்த ஆணுடனும் ஜோடியாக நடிக்க மறுத்தார். 1935-ல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். கொங்கு நாடு தந்த மிகப்பெரிய இசைநாடகக் குரலின் மேடைக்காலம் அந்த மரணத்தோடு முடிந்தது. அதில் கோவை ஸ்டுடியோக்களுக்குப் பங்கில்லை. ஆனால் அந்தத் தர்க்கப் பாட்டுக்கு இணையான ஒன்றை அவை உருவாக்கவும் இல்லை. பாகவதரின் படங்களில் அவர் மட்டுமே பாடகர், எதிரே நிற்பவர்கள் பெரும்பாலும் கேட்பவர்கள்.

சிறுவர் கம்பெனிகளின் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். ஏழெட்டு வயதுப் பையன்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அடித்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் வேடத்தைப் பறிக்கும் அமைப்பு அது. ஸ்டுடியோவில் குரல் போனவனுக்கும் வேலை இருந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த எம்.ஜி.ஆர். 1947-ல் ‘ராஜகுமாரி’ படத்தின் நாயகனானார். சென்ட்ரல் ஸ்டுடியோவில் இயங்கிவந்த ஜூபிடர் நிறுவனம் எடுத்த படம். அவருக்காக வேறொருவர் பின்னணி பாடினார். பாடத் தெரியாதவன் ராஜபார்ட் ஆக முடியாது என்ற விதி கோவையில், அந்தக் கூரையின் கீழேயே உடைந்தது. அந்தப் படத்துக்கு வசனம் எழுத வந்தவர் மு. கருணாநிதி.

‘ஹரிதாஸ்’ வெளியான அதே 1944-ல் ஈரோட்டில் டி.கே. சண்முகத்தின் முயற்சியால் நாடகக் கலை மாநாடு நடந்தது. நாடகம் எப்படிச் சீர்திருந்த வேண்டும் என்று பேசினார்கள். அண்ணாவும் பேசினார். ஐந்தே ஆண்டில் அவருடைய ‘வேலைக்காரி’ (1949) ஜூபிடரின் படமாக வந்தது. நாயகன் கே.ஆர். ராமசாமி, கம்பெனியில் பாடி வளர்ந்தவர். காளி கோவிலில் அவர் நிற்கும் காட்சியை ‘சிவகவி’யோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடத்தில் ஒரு பாட்டு வந்திருக்கும். இப்போது வசனம் வருகிறது, தெய்வத்தைக் கேள்வி கேட்கும் உரைநடை. இசைநாடகத்தின் முடிவுக்கு ஒரு காட்சியைச் சுட்ட வேண்டுமென்றால் நான் இதையே சுட்டுவேன். அரசியலாக அது ஒரு விடுதலை. இசையாக ஒரு பின்வாங்கல். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1950-களில் ஜூபிடர் சென்னைக்குப் போனது. சுப்பையா நாயுடுவிடம் உதவியாளனாக இருந்த எம்.எஸ். விஸ்வநாதன் என்ற இளைஞனும் போனார். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ ‘மலைக்கள்ளன்’ (1954) போன்ற வெற்றிகளோடு மேலும் சில காலம் கோவையில் தாக்குப்பிடித்தது. ஆனால் அது சினிமா ஸ்டுடியோ, இசைநாடகக் கம்பெனி என்று அதைச் சொல்ல முடியாது.

ஒரு குறை மட்டும் தனியாக நிற்கிறது. கொங்கு நாட்டுக்கென்றே இரவுகள் நீளும் பாட்டுக் கதை ஒன்று உண்டு, உடுக்கை அடித்துப் பாடப்படும் அண்ணன்மார் சாமி கதை. பொன்னர், சங்கர், தங்காள், வீரமலைப் பன்றிவேட்டை, போர், சாவு, உயிர்ப்பு என்று ஓபராவுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. மகாராஷ்டிரத்து துகாராமைத் தேடி எடுத்த சென்ட்ரல் ஸ்டுடியோவின் பெயர்பெற்ற படங்களில் சிங்காநல்லூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பாடப்பட்ட இந்தக் கதை இல்லை.